பைக்கில் துரு: வீட்டுப் பொருட்களை வைத்து எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினிகர், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), சமையல் சோடா, அலுமினியத் தாள், மண்ணெண்ணெய். பைக்கில் ஏறும் துருவில் பெரும்பகுதியை எடுக்க இவையே போதும். எந்தப் பாகத்துக்கு எது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். துருவை எடுத்த பிறகு வரும் அரைமணி நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது இன்னொரு தவறு. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றியவை.

துரு எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் காவி நிறம் ஒட்டி, அடியில் உலோகம் வழவழப்பாக இருந்தால் அது மேல்துரு. ஒரு மணி நேர வேலை. துடைத்த பிறகும் புள்ளி புள்ளியாக நின்று, விரல் நுனியில் சொரசொரவென்று பட்டால் துரு குழி பறித்திருக்கிறது. துருவை எடுத்துவிடலாம், குழி அப்படியேதான் இருக்கும். மூன்றாவது, அப்பளம் போல ஏடு ஏடாகப் பெயர்ந்து வருவது. அந்த இடத்தைத் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினாலோ பொத்துக்கொண்டாலோ அந்தப் பாகத்துக்கு வினிகர் எதுவும் செய்யாது. சாரி கார்டு, நம்பர் பிளேட் தகடு போன்றவை என்றால் மாற்றிவிடலாம். சேஸி, ஸ்விங் ஆர்ம், ஹேண்டில்பார், ஸ்டாண்டு பற்றவைத்திருக்கும் இடம் என்றால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எல்லாப் பாகத்தையும் வினிகரில் போடலாமா?

கூடாது. முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம்: எஞ்சின் மூடிகள், அலாய் வீல், ஹப், பிரேக் லீவர். அலுமினியத்துக்குக் காவித் துரு வராது, வெள்ளைப் பொடிதான் பூக்கும். அதைச் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்தால் போதும். வினிகர் போன்ற புளிப்பில், அதாவது அமிலத்தில், ஊறவைத்தால் நிறம் மங்கும். சலவை சோடா பட்டால் கறுத்து அரிக்கும்.

காந்தம் ஒட்டினால் அடியில் இரும்பு. மேலே என்ன பூச்சு என்பது அடுத்த கேள்வி. கண்ணாடி போலப் பளபளத்தால் குரோம். மங்கலான வெள்ளியாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் துத்தநாகப் பூச்சு. வண்டியின் பெரும்பாலான போல்ட்டு, நட்டு, வாஷர்கள் இப்படித்தான் வருகின்றன. வினிகர் துருவைத் தின்பதற்கு முன்பே துத்தநாகத்தைத் தின்றுவிடும். ஊறவைத்து எடுத்த போல்ட்டு அன்றைக்குப் புதிது போல இருக்கும், ஒரே வாரத்தில் முன்பைவிட மோசமாகத் துருப்பிடிக்கும். காரணம் இதுதான். துத்தநாகப் பூச்சில் அங்கங்கே மட்டும் துரு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கம்பி நாரால் தேய்த்து எண்ணெய் தடவுங்கள்.

வினிகரில் ஊறவைக்கும் சரியான முறை என்ன?

பூச்சு ஏதுமில்லாத, அல்லது பூச்சு முழுவதும் போய்விட்ட சிறு இரும்புப் பாகங்களுக்கு இது நல்ல முறை: கிளாம்ப், பிராக்கெட், ஸ்டாண்டு பின், பழைய டூல் கிட் ஸ்பேனர்கள்.

முதலில் எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். கிரீஸ் ஒட்டிய இடத்தில் வினிகர் இறங்காது. மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பால் தேய்த்து அலசுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் பாகம் முழுதாக மூழ்கும் அளவு வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். மளிகைக் கடை வினிகர் பொதுவாக 4 முதல் 5 விழுக்காடு அமிலம். தண்ணீர் கலக்க வேண்டாம். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வினிகரின் மேல்மட்டக் கோட்டில் ஒரு கறுப்பு வடு விழும், அது பிறகு போகாது.

சிறிது நேரத்தில் பாகத்தின் மேல் நுண்ணிய குமிழ்கள் தெரியும். மறுநாள் வினிகர் தேநீர் நிறத்துக்கு வந்து, மேலே காவி ஏடு மிதக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். துரு கறுப்புக் குழம்பாகக் கழன்று வந்தால் வேலை முடிந்தது. லேசான துருவுக்கு ஓர் இரவு போதும், தடித்த துருவுக்கு 24 மணி நேரம். அதற்கு மேல் விட்டால் வினிகர் நல்ல இரும்பையே கரைக்கத் தொடங்கும், மரை தேய்ந்து நட்டு ஆடும்.

டப்பாவை இறுக மூடாதீர்கள், உள்ளே வாயு சேரும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றினால் பொங்குகிறதே, அது நல்லதுதானே?

பொங்குவது கரியமில வாயு. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புநீர். துரு அப்படியே இருக்கும். வினிகர் வேலை செய்து முடித்த பிறகு, மிச்சப் புளிப்பை முறிக்கத்தான் சோடா.

வினிகர் நல்லதா, எலுமிச்சை உப்பு நல்லதா?

எங்கள் ஓட்டு எலுமிச்சை உப்புக்கு. சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் மளிகைக் கடையில் கொடுப்பார்கள். நெடி இல்லை, விலை குறைவு, வேலையும் வேகம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம். கை பொறுக்கும் சூடு போதும், கொதிக்க வேண்டாம். லேசான துரு ஒன்றிரண்டு மணி நேரத்தில் கழன்றுவிடும், தடித்தது ஐந்தாறு மணி நேரம் எடுக்கும். வேகம் அதிகம் என்பதால் மணிக்கொருமுறை பாருங்கள். மறந்துவிட்டு இரவு முழுதும் விட்டால் பாகம் கரும்சாம்பல் நிறமாகி, சொரசொரப்பாக வெளியே வரும். அந்தக் கறுப்பைச் சோப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்து எடுக்கலாம், பழைய வழவழப்பு வராது.

புளி, எலுமிச்சம்பழம், கல் உப்பு?

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கத்தில் பலர் இதைக் கேட்கிறார்கள். பித்தளையில் புளி அருமையாக வேலை செய்யும். இரும்புத் துருவிலும் வேலை செய்யும், மெதுவாக. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பழம்புளியைக் கெடாமல் இருக்கக் கல் உப்புப் போட்டுத்தான் பானையில் அடைத்து வைக்கிறோம். அந்த உப்பு துருவின் குழிகளுக்குள் இறங்கிவிட்டால் எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் தங்கும், அங்கிருந்தே அடுத்த துரு கிளம்பும். எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டுத் தேய்க்கச் சொல்லும் குறிப்புக்கும் இதே குறைதான். தேய்க்கும்போது பளிச்சென்று இருக்கும், பத்தே நாளில் திரும்ப வரும். பைக்குக்கு உப்பு வேண்டாம். எலுமிச்சம்பழச் சாறு மட்டும் என்றால் சரி, சிறு புள்ளிகளுக்குப் போதும்.

குரோம் பாகங்களில் இருக்கும் துருப்புள்ளிகளை எப்படி எடுப்பது?

இதற்கு அலுமினியத் தாளைவிட நல்ல வீட்டுப் பொருள் இல்லை. கிராஷ் கார்டு, ஹேண்டில்பார், குரோம் மட்கார்டு, கண்ணாடித் தண்டு எல்லாவற்றுக்கும் இதுதான்.

உள்ளங்கை அளவு தாளைக் கிழித்து, பளபளப்பான பக்கம் எது என்று பார்க்காமல் கசக்கி உருட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரில் நனைத்து, துருவின் மேல் வட்டமாக லேசாகத் தேய்க்க வேண்டும். அரை நிமிடத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒன்று உருவாகும். அதைத் துடைத்துவிடாதீர்கள், அதுதான் மெருகேற்றுகிறது. முதலில் கரகரவென்று கேட்கும் சத்தம் மெல்லக் குறையும், விரலில் பட்ட சொரசொரப்பும் அடங்கும். தாள் தேய்ந்து கிழிந்தால் புதிய துண்டு. குழம்பு காய்ந்தால் இன்னும் சில சொட்டுத் தண்ணீர். பிறகு ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, கடைசியாக மெழுகுப் பாலிஷ்.

அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறல் விழாது. கம்பி நார், செங்கல் தூள், வெறும் உப்புத்தாள் இவற்றுக்கு அந்த மென்மை கிடையாது. அலங்காரக் குரோம் பூச்சு ஒரு மைக்ரானைவிடக் குறைந்த தடிமன்தான் இருக்கும். அடியில் உள்ள நிக்கல்தான் இரும்பைக் காக்கிறது. பூச்சைத் தேய்த்துவிட்டால் திரும்பப் போட வீட்டில் வழியில்லை.

குரோம் தோல் உரிவது போலக் கிளம்பியிருந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மறுபடி குரோம் முலாம் போட வேண்டும், அல்லது பாகத்தை மாற்ற வேண்டும்.

கோலா பானம்?

அதிலும் புளிப்பு இருக்கிறது, வினிகரைவிட வலுக் குறைவு. சர்க்கரை ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடிக்கும். அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்தாலே வேலை நடக்கிறது.

டாய்லெட் கிளீனர் ஊற்றினால் உடனே போய்விடும் என்கிறார்களே?

துரு போவது உண்மைதான். அதில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு போன கையோடு நல்ல இரும்பும் போகும், குரோமும் மங்கும். உள்ளே தங்கும் குளோரைடு பழைய உப்புக் கதையையே திரும்ப நடத்தும். ஆவி பட்டு, பக்கத்தில் வைத்திருக்கும் ஸ்பேனர்கள்கூடத் துருப்பிடிக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எந்தப் புளிப்போடும், அது வினிகரானாலும், பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வேண்டவே வேண்டாம்.

துருவை எடுத்த அரைமணியில் மீண்டும் காவி படர்கிறது. எங்கே தப்பு?

தப்பு துரு எடுத்ததில் இல்லை, அதற்குப் பிறகு. புளிப்பிலிருந்து வெளியே வந்த இரும்பு போர்வை இல்லாத உடம்பு மாதிரி. ஈரமும் காற்றும் பட்ட மாத்திரத்தில் மறுபடி துரு தொடங்கும். அதனால் பாகத்தை வெளியே எடுப்பதற்கு முன்பே மற்ற எல்லாம் கையெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து வையுங்கள். வினிகரிலிருந்து எடுத்த பாகத்தை நேராக அதில் போட்டு, நுரை அடங்கும்வரை, ஐந்து நிமிடம் பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஒரு அலசு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள். உடனே துணியால் துடைத்து, ஹேர் டிரையரால் தொட்டால் சுடும் அளவுக்குச் சூடேற்றுங்கள். மரைக்குள்ளும் மடிப்புக்குள்ளும் நிற்கும் ஈரம் அப்போதுதான் போகும். சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவுங்கள். பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் எண்ணெய்க்குப் பதில் ரெட் ஆக்சைடு பிரைமர், அதே நாளில். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த பாகத்தில் மறுபடி உப்புத்தாள் போட வேண்டிவரும்.

செயினில் துரு. வினிகரில் போடலாமா?

ஒருபோதும் கூடாது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போன புளிப்பை எதனாலும் முழுதாக வெளியே எடுக்க முடியாது. செயின் பிளேட்டுகள் கடினமாக்கப்பட்ட எஃகு; புளிப்பில் உண்டாகும் ஹைட்ரஜன் அந்த எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். ஓடும் வண்டியில் செயின் அறுந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம்.

மண்ணெண்ணெய்தான் சரி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயினைத் துடைப்பவர்கள் விரலை இழக்கிறார்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நைலான் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, பழந்துணியால் துடைத்து, அரைமணி காயவிட்டு, 90 கியர் ஆயிலை உள்பக்கமாகச் சொட்டு சொட்டாக விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் நனைந்த ஒவ்வொரு முறையும்.

ஓ-ரிங் செயினாக இருந்தால் பெட்ரோல், தின்னர், கம்பி பிரஷ் மூன்றும் ஆகாது. ரப்பர் வளையம் கெட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். சுத்தம் செய்த பிறகும் சில கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றால் செயினையும் ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சைலன்சர் ஏன் மற்றதைவிட முன்னால் துருப்பிடிக்கிறது?

இரண்டு பக்கமிருந்தும் தாக்குதல். வெளியே சூடும் மழையும். உள்ளே தண்ணீர்! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் வாயில் சொட்டுவது அதுதான். பக்கத்துத் தெருவுக்குப் போய்வர மட்டும் எடுக்கும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடாவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம், தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. வாரம் ஒருமுறையாவது இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள். சில சைலன்சர்களின் அடியில் சிறு வடிகால் ஓட்டை இருக்கும். புகை வருகிறதே என்று அதை எம்-சீல் போட்டு அடைத்துவிடாதீர்கள், குச்சியால் குத்தித் திறந்தே வையுங்கள்.

கறுப்பு பெயிண்ட் அடித்த சைலன்சர் என்றால்: ஆறிய பிறகு 120 எண் உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, 320 எண்ணால் நேர்த்தி செய்து, தூசியைத் துடைத்து, தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். வெப்பம் தாங்கும் சைலன்சர் பெயிண்டை மெல்லிய மூன்று பூச்சாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே கால்மணி விட்டு அடியுங்கள். டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்ததும் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள், பிறகு இருபது நிமிடம். அந்தச் சூட்டில்தான் பெயிண்ட் இறுகும். சாதா எனாமல் பெயிண்ட் முதல் நாளே பொரிந்து உரியும். சாதா ரெட் ஆக்சைடு பிரைமரும் இங்கே வேண்டாம். எண்ணெய் தடவுவதும் வீண், புகைந்து கறையாகும்.

பெட்ரோல் டேங்க் உள்ளே துரு. வீட்டில் செய்ய முடியுமா?

கார்புரேட்டர் வண்டியில் முடியும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், அதாவது ஏப்ரல் 2020 முதல் வந்த பிஎஸ்6 (புகை வரம்பு விதி) வண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், பெட்ரோல் பம்ப் டேங்குக்கு உள்ளேயே இருக்கும். அதைக் கழற்றிப் பொருத்திப் பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஒரு துருத்துகள் போதும், இன்ஜெக்டர் அடைக்கும்.

செய்யும் இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி. பீடி, சிகரெட், கேஸ் அடுப்பு, கிரைண்டர் எதுவும் பக்கத்தில் கூடாது.

பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றி, பெட்ரோல் காக், மிதவை, மூடி மூன்றையும் எடுத்துவிடுங்கள். பாத்திரச் சோப்புக் கரைத்த வெந்நீரால் இரண்டு மூன்று முறை குலுக்கி அலசினால் பெட்ரோல் வாடை போகும், பசையும் போகும். இதைச் செய்யாவிட்டால் புளிப்பு துருவைத் தொடவே தொடாது. ஓட்டைகளைப் பழைய சைக்கிள் டியூப் ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். துரு ஏடாக இருந்தால் நட்டுகளைப் போட்டு, கொஞ்சம் தண்ணீரோடு பத்து நிமிடம் குலுக்குங்கள். போடும்போது எண்ணுங்கள், இருபது போட்டால் இருபது வெளியே வர வேண்டும்.

பத்து லிட்டர் டேங்குக்கு பத்து லிட்டர் வெந்நீரும் அரை கிலோ எலுமிச்சை உப்பும். கழுத்துவரை நிரப்புங்கள், இல்லாவிட்டால் மேல்பக்கத் துரு அப்படியே நிற்கும். வெளியே வழிந்தால் பெயிண்டில் தடம் விழும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், நடுநடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிற உலோகம் தெரிந்ததும் கொட்டிவிட்டு, 200 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். அப்போது மூடியைப் போடாதீர்கள், பொங்கும் வாயு வெளியேற வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு அலசு.

தோற்பது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். வெயிலில் கவிழ்த்து வைத்தால் மட்டும் காயாது. அடிப்பக்கத் தையல் மடிப்பில் தண்ணீர் நிற்கும். பெட்ரோல் வாடை துளியும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, ஹேர் டிரையரை வாயில் வைத்துத் திருப்பித் திருப்பி அரைமணி ஊதுங்கள். காய்ந்ததும் 200 மில்லி பெட்ரோலில் 50 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். அதே நாளில் டேங்கைப் பொருத்தி நிரப்புங்கள். பெட்ரோல் ஃபில்ட்டரைப் புதிதாக மாற்றி, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கழுவிய தண்ணீர் மடிப்பு வழியாகக் கசிந்தால் ஓட்டை இருக்கிறது. டேங்குக்கு நீங்களாகப் பற்றவைக்க முயலாதீர்கள்.

டேங்கில் துரு வருவதைத் தடுப்பது எப்படி?

நிரப்பியே வையுங்கள். காலி இடத்தில்தான் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் படியும். மாதக்கணக்கில் நிற்கப் போகும் வண்டியில் முழு டேங்க் இன்னும் முக்கியம்.

டிஸ்க்கில் மழைக்கு மறுநாள் காவி நிறம். தேய்க்க வேண்டுமா?

வேண்டாம். மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். டிஸ்க் மீது எண்ணெயோ, துருநீக்கி ஸ்ப்ரேயோ, மெழுகோ படவே கூடாது. பேடில் ஊறிவிட்டால் பிரேக் பிடிக்காது, பேடை மாற்ற வேண்டும்.

முன் ஃபோர்க் பைப்பில் துருப்புள்ளி இருக்கிறது. அவசரமா?

இடத்தைப் பொறுத்தது. பைப் ஏறி இறங்கும்போது ஆயில் சீல் உரசும் பகுதியில் இருந்தால் அவசரம். ஒவ்வொரு புள்ளியும் சீலை அரத்தைப் போல அறுக்கும், ஃபோர்க் ஆயில் கசிந்து முன் பிரேக்கிலும் வழியும். எண்ணெய் நனைத்த அலுமினியத் தாளால் முதலில் தேயுங்கள். மேடு நின்றால் 2000 எண் வாட்டர் பேப்பரை எண்ணெயில் நனைத்து, பைப்பைச் சுற்றி, மேல்கீழாக இல்லாமல் குறுக்காகத் தேயுங்கள். குழி மட்டும் மிஞ்சினால் சுத்தமாகத் துடைத்து, நிறமில்லாத நெயில் பாலிஷை ஊசி முனையால் குழியில் வைத்து, ஒரு நாள் காயவிட்டு, அதே பேப்பரால் மட்டம் செய்யலாம். சில மாதங்கள் தாங்கும். நகத்தால் தடவும்போது குழி தடுக்கினால் பைப்பை மாற்றுவதே வழி.

ஸ்போக்கும் ரிம்மும்?

ஸ்போக்குக்கு அலுமினியத் தாளைச் சுற்றிப் பிடித்து மேலும் கீழும் இழுங்கள். வேலை சலிப்பானது, ஆனால் பலன் உண்டு. ரிம்மின் உள்பக்கத்தை டயர் மாற்றும்போதாவது பாருங்கள். நிப்பிள் தலைகளைச் சுற்றி ஏறும் துரு டியூபைத் தேய்த்து, காரணம் தெரியாத பஞ்சராக வரும். உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, புது ரிம் டேப் போடுங்கள்.

துருப்பிடித்து இறுகிய போல்ட்டைக் கழற்றுவது எப்படி?

டீசலும் எஞ்சின் ஆயிலும் சமமாகக் கலந்து மரை தெரியும் இடத்தில் சொட்டுவிட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் சுத்தியலால் தலையில் பத்துப் பதினைந்து முறை லேசாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் இறங்கும். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பி, பிறகு கழற்றும் பக்கம். பன்னிரண்டு முனை ஸ்பேனரைவிட ஆறு முனை சாக்கெட் நல்லது, தலை மழுங்காது. கொஞ்சம் கழன்றதும் ஒரே மூச்சில் சுற்றாமல் அரைச்சுற்று முன்னால், கால்சுற்று பின்னால் என்று கொண்டுவாருங்கள். திரும்பப் போடும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ்.

எந்த போல்ட்டுகளைப் புளிப்பில் போடவே கூடாது?

தலையில் 10.9 அல்லது 12.9 என்று எண் பொறித்தவை (அதிக வலுவுள்ள எஃகு என்பதன் குறி), ஆக்சில், டிஸ்க் போல்ட்டு, கேலிப்பர் போல்ட்டு, எல்லா ஸ்பிரிங்குகளும். செயினுக்குச் சொன்ன ஹைட்ரஜன் காரணம்தான். துரு அதிகமென்றால் புதிதாக வாங்குங்கள்.

பேட்டரி சார்ஜரை வைத்து மின்சாரத்தால் துரு எடுப்பது பாதுகாப்பானதா?

முறையாகச் செய்தால் ஆம். நல்ல இரும்பு துளியும் குறையாது என்பது இதன் சிறப்பு. பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சலவை சோடா. சமையல் உப்பு கூடாது. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் துருப்பிடித்த பாகத்தில், பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புக் கம்பியில். மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம் கரையும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கம்பி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத் துருதான் முதலில் போகும், நடுவே திருப்பி வையுங்கள். ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாள்வரை ஆகும்.

பாசிட்டிவில் எவர்சில்வர் கரண்டி வைக்காதீர்கள், அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் மொட்டைமாடியில் செய்யுங்கள். சார்ஜரை அணைத்த பிறகே கையை உள்ளே விடுங்கள். அலுமினியம், குரோம், ஸ்பிரிங், பெட்ரோல் டேங்க் நான்குக்கும் இது ஆகாது.

துரு எடுத்த பிறகு என்ன எண்ணெய் தடவலாம்?

புதிய எஞ்சின் ஆயில் மெல்லிய பூச்சாக. போல்ட்டுத் தலை, பேட்டரி முனை, எர்த் ஒயர் இணைப்பு இவற்றுக்கு வாசலின். வடித்தெடுத்த பழைய எஞ்சின் ஆயிலில் அமிலமும் கரியும் சேர்ந்திருக்கும், வேண்டாம். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சில வாரங்களில் பிசுக்காகித் தூசியைக் கட்டும்.

சேஸியில் துரு இருக்கிறது. உப்புத்தாள் போடலாமா?

மேல்துருவுக்குப் போடலாம், பிறகு பிரைமரும் எனாமலும். ஆனால் சேஸி எண் பொறித்த இடத்தை மட்டும் தொடாதீர்கள். எழுத்து மழுங்கினால் பெயர் மாற்றத்துக்கு ஆர்டிஓ அலுவலகம் போகும்போது வண்டியையே சந்தேகிப்பார்கள். அந்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், போதும்.

மழையே இல்லாதபோதும் கடற்கரை ஊர்களில் வண்டி துருப்பிடிப்பது ஏன்?

கடற்காற்று கொண்டுவரும் உப்பு வண்டி மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாகிவிடும். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் சென்னையின் கடலோரத் தெருக்களிலும் பல இரவுகளில் இது நடக்கிறது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, முக்கியமாக அடிப்பக்கத்தை, துணியால் துடையுங்கள். உப்புப் போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் கழுவாமல் இருப்பதைவிட மோசம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். துணிக் கவர் போடுங்கள், எஞ்சின் ஆறிய பிறகு, வண்டி காய்ந்த பிறகு.

பயன்படுத்திய வினிகரையும் மண்ணெண்ணெயையும் எங்கே கொட்டுவது?

வினிகர், எலுமிச்சை உப்புத் தண்ணீர் இரண்டையும் சமையல் சோடா போட்டு நுரை அடங்கிய பின், நிறையத் தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் விடலாம். செடிக்கு ஊற்ற வேண்டாம். அழுக்கு மண்ணெண்ணெயைப் பாட்டிலில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறை செயினுக்கே பயன்படுத்தலாம். வண்டலையும் பழைய ஆயிலையும் ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் சேர்க்கும் டிரம்மில் கொடுத்துவிடுங்கள். எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், கொடியில் விரித்துக் காயவையுங்கள். குவியலாகக் கிடந்தால் எளிதில் தீப்பற்றலாம்.